கோட்டையில் அப்பா துரையைப் பார்த்த கதை

அப்பா மழையில் நின்றுகொண்டிருந்தார். குடை கையில்தான் இருந்தது. அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

எதிரே நாலு மாடிக் கட்டடம். வாசலில் வழவழவென்று கருங்கல் படி. படிக்கு இரண்டு பக்கமும், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத தூண்கள். தூண்களுக்கு உள்ளே நடைபாதை. அதற்குக் கூரையாக முதல் மாடி நின்றது. கொழும்பு கோட்டையில் பாதித் தெருவுக்கு இப்படிக் கூரை உண்டு. எவ்வளவு மழை பெய்தாலும் பெரிய மனிதர்கள் சப்பாத்து நனையாமல் ஒரு கந்தோரிலிருந்து, அதுதான் ஆபீசிலிருந்து, இன்னொரு கந்தோருக்கு நடந்து போகலாம்.

அப்பா ஓர் எட்டு எடுத்து வைத்தால் நனையாமல் நின்றிருக்கலாம். வைக்கவில்லை. தெருவிலேயே நின்றார். ஒரு ரிக்‌ஷாக்காரன் மணியடித்து ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கினார். அவன் போனதும் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டார்.

“அப்பா, உள்ள வந்து நில்லுங்க. முழுக்க நனைஞ்சிட்டீங்க.”

“சும்மா இரு பாப்பா. தொரை வெளிய வாறப்ப நாம எதிர்ல தெரியணும். தூணுக்குப் பின்னால நின்னா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிரும்.”

கோட்டையின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுங்களேன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மலைநாட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கொழும்புப் பக்கமும் வாருங்கள் என்கிறார். அந்தக் காலத்துக் கம்பீரம் இப்போது எங்கே இருக்கிறது என்று வேறு பெருமூச்சு விட்டிருக்கிறார்.

எழுதுகிறேன். நான் அந்தத் தெருக்களை முதன்முதலில் பார்த்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைத்தான் எழுத முடியும். கம்பீரத்துக்கு நான் பொறுப்பல்ல.

பேர் வெட்டு

நாங்கள் கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. எங்கள் பேரை வெட்டிவிட்டார்கள்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேரேட்டில் பேர் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பரா. ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, அவ்வளவுதான் காம்பரா என்பது. அதில்தான் அப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அதில்தான் நாங்கள் பிறந்தோம். பேரை வெட்டினால் அந்த அறையிலிருந்து சட்டி பானையோடு வெளியே வர வேண்டியதுதான்.

வெட்டு வாங்கும்படி அப்பா எதுவும் செய்யவில்லை. அவர் எதையும் செய்யக்கூடிய ஆளும் அல்ல. வினை என் அண்ணனால் வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை எடை குறையத் தராசைக் காலால் தட்டியதை அண்ணன் பார்த்துவிட்டான். பார்த்ததோடு விட்டிருக்கலாம். அந்த ஆளின் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டான். அப்போது அண்ணனுக்கு இளரத்தம். எனக்கு இன்றைக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் எல்லாரையும் வேலைக்குப் பிரிக்கும்போது புதிய துரை அண்ணனின் பேரை மட்டும் வெட்டவில்லை. அப்பா பேர், அம்மா பேர், என் பேர், எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினார். மாத முடிவில் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று துரைக்கு அடுத்தபடியான கண்டாக்கு ஐயா வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டாளி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டான்.

ஹட்டனில் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவரிடம் போனோம். நல்ல மனுஷன். ஆனால் அவர் மேசையில் எங்களைப் போல நிறையப் பேருடைய கதை குவிந்து கிடந்தது.

“எழுதிப் போடுறோம்மா. அது போய், பதில் வந்து, பேச்சுவார்த்தை நடந்து முடியிறதுக்குள்ள மாசக்கணக்காயிரும்” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஒங்க பழைய துரை இப்ப கம்பெனியிலதான பெரிய எடத்துல இருக்காரு? அவரு ஒரு டெலிபோன் பண்ணுனா போதுமே. நேர்ல போய்க் கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க” என்றார்.

வாயைத் திறந்து கேளுங்கள் என்று அவர் எதற்காக அழுத்திச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பழைய துரை அப்பாவை அறிந்தவர். சும்மா அறிந்தவர் அல்ல. அவருடைய பங்களாத் தோட்டத்தில் அப்பா வருடக்கணக்காக வேலை செய்தவர். அவர் போட்டுக் கழித்துக் கொடுத்த கோட்டுதான் அப்பாவுக்கு நல்லது கெட்டதுக்குப் போடுகிற உடுப்பு. அந்தத் துரை சொன்னால் புதிய துரை மறுவார்த்தை பேச மாட்டார். அப்பா அப்படி நம்பினார். நானும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் காம்பரா எங்களிடம் இருந்திருக்கும்.

அம்மாவுக்கு அப்போது இழுப்பு. ரயிலேற முடியாது. அதனால் நான் கூடப் போனேன். கொழுந்தெடுக்கத் தொடங்கி இரண்டு மூன்று வருடமான பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததில் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

துரையைப் பார்க்கிற முறை

துரையைப் பார்க்க ஒரு முறை இருந்தது. அதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. நடக்கப் பழகுகிற வயதிலேயே எங்களுக்கு அதுவும் பழகிவிடும்.

நாமாகப் போய்க் கதவைத் தட்டக்கூடாது. படியில் கால் வைக்கக்கூடாது. பங்களாவுக்கு எதிரே, அவர் வெளியே வந்தால் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும். தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வர வேண்டும். மழையாக இருந்தாலும் குடையை மடக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

துரை பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பார். பிறகு எப்போதாவது வெளியே வந்து, “என்னா?” என்பார்.

அந்த “என்னா?” வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அவர் வேறு எதையாவது கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். “என்னா?” வராமலே அவர் போய்விட்டால், நாமும் வந்த வழியே திரும்பி, அடுத்த நாள் போய் நிற்க வேண்டும்.

எங்கள் லயத்தில் ராமையா என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு அடுத்த காம்பரா. பெண்சாதிக்குப் பிள்ளைப்பேறு நேரம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு கேட்கப் போய் நின்றார். முதல் நாள் துரை மழையைப் பற்றிக் கேட்டார். அடுத்த நாள் மட்டக் குதிரையின் காலைப் பற்றிக் கேட்டார். அதற்கும் அடுத்த நாள் துரையே வெளியே வரவில்லை. பிள்ளை லயத்திலேயே பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. அவனை எல்லாரும் ‘லீவு கெடைக்காதவன்’ என்று கேலி செய்வார்கள். ராமையாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தூண் வைத்த பங்களாக்கள்

இரவு ரயிலில் ஏறி, விடிந்ததும் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. மலையில் கம்பளிக்குள் கிடந்த உடம்பு. அப்பா துரையின் பழைய கோட்டைக் கழற்றவே இல்லை. வியர்வை ஒழுக ஒழுக நடந்தார்.

கம்பெனிக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சங்கத்துக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. தெருவில் டிராம் ஓடியதா, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ் ஓடியதா என்று இப்போது நினைவு குழம்புகிறது. ஏதோ ஒன்று மணியடித்துக்கொண்டு எங்களை உரசிப் போனது. அதற்குப் பயந்து அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய தபால் கந்தோரைப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று, வாசல் முழுக்கத் தூண்கள். அதற்கு எதிரே மரங்களுக்கு நடுவில் கவர்னர் ஜெனரலின் மாளிகை. கேட்டில் துப்பாக்கியோடு ஒருவன் அசையாமல் நின்றான். தெருவின் நட்டநடுவில் ஒரு மணிக்கூண்டு. அதற்கு உச்சியில் கண்ணாடிக் கூடு. முன்பு அதுதான் கப்பலுக்கு விளக்குக் காட்டியது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கடை. அதன் கண்ணாடிக்குள்ளே மெழுகுப் பெண்கள் கவுன் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாங்குகள் ஒவ்வொன்றும் மாரியம்மன் கோயிலை விட உயரம்.

தூறல் தொடங்கியது. அப்பா குடையை விரித்தார். ஒரு தூண் வைத்த கட்டடம் வந்தது. மடக்கினார். அதைத் தாண்டியதும் விரித்தார். அடுத்த கட்டடம் வந்தது. மறுபடி மடக்கினார்.

“ஏம்ப்பா இப்பிடிப் பண்ணுறீங்க?”

“இம்புட்டுப் பெரிய பங்களா. உள்ள எந்தத் தொரை இருக்காரோ?”

அது தபால் கட்டுகிற இடம், இது காசு மாற்றுகிற இடம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மண்டையில் ஏறவில்லை. தூண் இருந்தால் பங்களா. பங்களா இருந்தால் உள்ளே துரை. கோட்டையில் தூண் இல்லாத கட்டடம் எது? அந்தத் தெருக்களின் அழகையெல்லாம் நான் பார்த்தது அப்பாவின் குடை விரிவதற்கும் மடங்குவதற்கும் நடுவில்தான். வாசகர் மன்னிக்க வேண்டும்.

வழி தவறிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டோம். அங்கே கடலைப் பார்த்தபடி இன்னொரு கட்டடம். இதுவரை பார்த்த எல்லாவற்றையும் விட அதில்தான் தூண்கள் அதிகம். அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த முஸ்லிம் பெரியவரிடம் கேட்டார்.

“இது யாரு பங்களாங்க?”

“பங்களா இல்ல மனே, பார்லிமெண்டு.”

“உள்ள நெறையத் தொரைங்க இருப்பாங்களோ?”

“இப்ப தொரைமார் போய்ட்டாங்க. மந்திரிமார்தான் ஈக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

அப்பா குடையை மடக்கினார். எந்தக் கட்டடத்துக்கு மடக்கினாலும் அதற்கு மடக்கியிருக்கக்கூடாது. சுதந்திரம் வந்த சூட்டோடு சூடாக, அதற்குள்ளே கூடி உட்கார்ந்துதான் நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று எங்களைத் தள்ளி வைத்தார்கள். அடுத்து வாக்குரிமையையும் பிடுங்கினார்கள். அந்தப் படியை இறங்கி வந்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலை எங்கள் தேயிலையைக் குடித்தார்களோ தெரியாது. எல்லாரும் குடித்திருப்பார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் மடக்கியிருப்பார்.

கடைசியில் ஒரு பொலிஸ்காரர் வழி காட்டினார். அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் எனக்கு மூக்கில் அடித்தது தேயிலை வாசனை. லொறியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் பெட்டி கட்டும்போது வருகிற அதே வாசனை, இங்கே உப்புக் காற்றோடு கலந்து வந்தது. இடம் சரிதான் என்று பலகையைப் படிக்காமலே தெரிந்துவிட்டது.

மேல் மாடி

அப்பா போய்த் தெருவில் நின்றதைத்தான் முதலில் சொன்னேன். தூறல் பெரிய மழையானது. நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன். பித்தளைத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சிங்களப் பியூன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். விரட்டவில்லை. துரையின் பேரைச் சொன்னதும் மேலே கையைக் காட்டி, “உடட்ட யன்ன” என்றான். மேலே போங்கள் என்கிறான்.

“அப்பா, மேல போகச் சொல்லுறான். வாங்க.”

“தொரை கூப்புடாம எப்பிடிம்மா படியேறுறது?”

“இங்க அப்பிடி இல்லப்பா. எல்லாரும் போறாங்க, பாருங்க.”

“அவங்கள்லாம் சப்பாத்துப் போட்டவங்க.”

அரை நாள் இப்படியே போய்விடும் போல இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா ஊரில் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருப்பாள். நான் ஈரப் பாதத்தோடு அந்தக் கருங்கல் படியில் ஏறினேன். பின்னால் அப்பா, “பாப்பா, பாப்பா” என்று பதறியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே இரும்புக் கூண்டு ஒன்று மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. அதில் ஏறப் பயந்து படிக்கட்டில் போனேன். ஒவ்வொரு மாடியிலும் டைப் அடிக்கிற சத்தம். மேல் மாடியில் சுவர் அகலத்துக்கு ஒரு படம். தேயிலை மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வானம் நீலமாக இருந்தது. ஒருத்தி காலில்கூட அட்டைக்கடி இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே, சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் நின்றேன். அங்கே போன யாருக்கும் என்னையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் தலையைத் தூக்கினார். நெற்றியில் திருநீறு. யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“ஆரைப் பாக்க வேணும்?”

சொன்னேன். எங்கள் தோட்டத்தின் பேரையும், அப்பாவின் பேரையும், பேர் வெட்டியதையும், காம்பராவையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு “என்னா?” எல்லாம் தேவைப்படவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“பிள்ளை, நீர் கொஞ்சம் முந்தி வந்திருக்க வேணும். துரை இப்பத்தான் லிஃப்டில கீழ போறார். இண்டைக்குக் கப்பல் ஏறுறார். சீமைக்குப் போனால் இனி எப்ப வருவாரோ தெரியாது.” பேனாவைக் கீழே வைத்தார். “ஓடும், ஓடும். காரில ஏற முந்திப் பிடியும்.”

ஓடினேன். அவ்வளவு படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஓரிடத்தில் வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தது. அப்பா எதிரிலேயே நிற்கிறார், துரை கண்ணில் படாமல் போக முடியாது, அப்பா சொல்லிவிடுவார் என்று மனம் அடித்துக்கொண்டது. படியில் வந்து நின்றேன். கறுப்புக் கார் ஒன்று தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்பா அதே இடத்தில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. பின்னேயும் பார்க்கவில்லை.

“பாப்பா! தொரையப் பாத்துட்டேன்! இந்தப் படியிலதான் எறங்குனாரு. என்னயக் கண்டதும் அப்பிடியே நின்னுட்டாரு. ‘முத்துக்கருப்பன்?’னு கேட்டாரு. பேரு ஞாபகம் வச்சிருக்காரு பாரு!”

“காம்பராவப் பத்தி என்னா சொன்னாரு?”

“நடுத்தெருவுல, மழையில, குடையப் பிடிச்சிக்கிட்டு என்கிட்ட வந்தாரு பாப்பா. இந்தா, இந்தத் தோள்ல தட்டுனாரு.”

“அப்பா, காம்பரா...”

“ஜிம்மி கல்லு எப்பிடி இருக்குன்னு கேட்டாரு.”

ஜிம்மி என்பது துரையின் நாய். நல்ல உயரமான நாய். அது செத்தபோது பங்களாத் தோட்டத்தின் ஓரத்தில் சைப்ரஸ் மரத்தடியில் புதைத்து, கொழும்பிலிருந்து பேர் வெட்டிய கல் ஒன்றை வரவழைத்துத் துரை நட்டு வைத்தார். குழி தோண்டியவர் அப்பா.

“புல்லு மூடிருச்சான்னு கேட்டாரு. இல்லீங்க தொரை, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். எப்பவும் பாத்துக்கன்னாரு. சரிங்க தொரைன்னேன். ரோசாச் செடியெல்லாம் பூக்குதான்னாரு. மேல மழை எப்பிடின்னாரு. அப்பறம் கார் வந்திருச்சி.”

“நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லலியா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

“தொரை கேக்கலியே பாப்பா.”

கப்பல் ஜெட்டி வரை

அன்று அப்பாவிடம் கத்தியதற்காக நான் இப்போது வருந்துவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்றும் கோபம்தான். அப்பா மேலே பாதி. அவரை அப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேலே பாதி. எந்தப் பாதி பெரியது என்று இத்தனை வருடமாக அளந்து பார்க்கிறேன், நாளுக்கு நாள் மாறுகிறது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். தெரு நேராகத் துறைமுகத்தில் போய் முடிகிறது. அங்கேதான் கப்பலேறுகிற ஜெட்டி. பெரிய பெரிய தூண்கள் வைத்த இன்னொரு கட்டடம். வாசலில் கார்கள், தோல் பெட்டிகள், தொப்பி வைத்த வெள்ளைக்காரிகள். தெரு முனையில் பார்த்த அந்தக் கறுப்புக் கார் காலியாக நின்றது.

“பாஸ் தியனவாத?” என்று பொலிஸ்காரன் குறுக்கே கையை நீட்டினான். பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவான். எனக்குத் தெரிந்த சிங்களத்திலெல்லாம் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுகிறோம் என்றேன். அவன் கல்நெஞ்சன் என்று சொல்ல மாட்டேன். அவன் அப்பாவைப் பார்த்தான், கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தான், தலையைத் திருப்பிக்கொண்டான்.

துரை அடையாளம் கண்டது அப்பாவையா, தன்னுடைய பழைய கோட்டையா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. அப்பா உயிரோடு இருந்தவரை இதை அவரிடம் கேட்கவில்லை.

பின்னேரம் சங்கு ஊதியது. கப்பல் நகர்ந்தது. கம்பிவேலிக்கு வெளியே நின்றபடி அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

ரயிலில் நான் தேய்ந்த முழங்கையை ஊதிக்கொண்டு வந்தேன். அப்பா பக்கத்தில் இருந்த ஆளிடம், தன்னைக் கோட்டைத் தெருவில் பெரிய துரை பேர் சொல்லிக் கூப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆளும், “அப்பிடியா! அப்பிடியா!” என்று கேட்டுக்கொண்டு வந்தான். ஹட்டன் வருவதற்குள் துரை அப்பாவைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக் கழற்றினாள்.

கடைசிக் காலை

சங்கத்துக்காரர் சொன்ன பதில் வரவே இல்லை. அண்ணன் இருந்த தோட்டத்தில், இன்னொரு குடும்பத்தோடு ஒரே காம்பராவில் தடுப்புக் கட்டி இருந்துகொள்ளலாம் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். மார்க்கட்டுக்கு மரக்கறி ஏற்ற ராகலைக்குத் திரும்புகிற லொறி ஒன்று ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தது.

அன்று காலை லொறி ரோட்டில் வந்து நின்றபோது அப்பாவைக் காணவில்லை. மூட்டைகளை நானும் ராமையாவும் தூக்கி ஏற்றினோம். அம்மியைத் தூக்க முடியவில்லை, விட்டுவிட்டோம். காம்பராவைப் பூட்டிச் சாவி வாங்கிப்போகத் தோட்டத்துக் காவல்காரன் வந்து நின்றான்.

அப்பாவைத் தேடிப் போனேன். அவர் பங்களா ஓரத்தில், சைப்ரஸ் மரத்தடியில், பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கவ்வாத்துக் கத்தியால் கல்லைச் சுற்றிப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தார். கல்லின் எழுத்துகளுக்குள் படிந்திருந்த பாசியைக் குச்சியால் சுரண்டி எடுத்திருந்தார். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

“லொறி வந்து நிக்கிது.”

“இந்தா, முடிஞ்சிருச்சி. தொரைகிட்டச் சொல்லிட்டேனேம்மா.”

லயத்துக்குத் திரும்பி வந்ததும், ராமையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாசத்துக்கு ஒரு தடவ அந்தப் புல்ல மட்டும் அறுத்து விட்ருப்பா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார். ராமையா சரி என்று தலையாட்டினார்.

அம்மா லொறியில், மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இழுப்பில் நெஞ்சு ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சக்கரத்தில் கால் வைத்து ஏறும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, நம்ம ரெண்டு புள்ளைங்கள ஓடைக்கரையில பொதைச்சமே. அங்க ஒரு எட்டுப் போனீங்களா?”

எனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு பேர். கல் கிடையாது. ஒரு வாகை மரம்தான் அடையாளம்.

அப்பாவின் ஒரு கால் சக்கரத்திலும் ஒரு கால் தரையிலும் இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். ஓடைக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோட்டைத் தெருவிலிருந்து அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த அந்த வெளிச்சம் அப்போதுதான் போனது.

“ஒரு நிமிசம் நில்லுப்பா, போய்ட்டு வந்துர்றேன்” என்று டிரைவரைப் பார்த்துக் கேட்டார். யாரும் கேட்காமல், தனக்கென்று ஒன்றை அவராக வாய் திறந்து கேட்டது என் நினைவில் அது ஒன்றுதான்.

மார்க்கட் நேரம் தவறிப்போகும் என்று சொல்லி, அப்பா மற்றக் காலையும் தூக்கி வைத்ததும் டிரைவர் லொறியை எடுத்தான்.